லினக்ஸ் மிண்ட் புதிதாகப் போட்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைத் தூக்கிப் போட மனசு வராமல், லினக்ஸ் மிண்ட் போட்டுப் பார்க்கலாமா என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டார்கள். போட்டும் கொடுத்தேன். அப்புறம் வந்த போன் அழைப்புகளிலிருந்து எடுத்த கேள்விகள் இவை. எல்லாம் லினக்ஸ் மிண்ட் 22 வரிசையை, சின்னமன் மேசைத்தளத்தை வைத்துச் சொன்னவை. இந்த வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டுக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அடியுங்கள். சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு.

பென் டிரைவில் போட்டுவிட்டேன். ஆனால் கணினி அதிலிருந்து கிளம்பவே இல்லையே?

எப்படிப் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது மிண்டின் நிறுவல் கோப்பை, சினிமாப் படம் காப்பி செய்வதுபோலப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் கிளம்பாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவியால் அதை 'எழுத' வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக எழுதியும் கிளம்பவில்லை என்றால், கணினியைப் போட்டவுடன், எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். தயாரிப்பைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். அதுவும் பயன்படவில்லையா? இறக்கிய கோப்பே பாதியில் கெட்டிருக்கலாம். இறக்கும் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று ஒரு நீளமான எண் இருக்கும். உங்கள் கோப்பின் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரண்டு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நிறுவும்போது ஹார்டு டிஸ்கையே காட்டவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. இன்டெல் சில்லு உள்ள பல மடிக்கணினிகளில் சேமிப்பகம் 'ஆர்எஸ்டி' என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் நிறுவியால் டிஸ்கைப் பார்க்க முடியாது. கணினி கிளம்பும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் தெரியும்.

ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், நேரே பயாஸில் போய் மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போய்விடும். முதலில் விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். மறுதொடக்கத்தில் நேரே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் கிளம்பி, புதிய முறைக்கான டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பிடித்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் பூட்டை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. டிஸ்க், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்ப வராது. பயாஸைத் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் யாருக்கும் நான் இரண்டு முறை சொல்லாமல் விடுவதில்லை.

மிண்ட் சின்னம் வந்தது, பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளில் இது சகஜம். பென் டிரைவிலிருந்து கிளம்பும் முதல் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். நிறுவிய பிறகும் முதல் தடவை கறுப்புத் திரை வரலாம். அப்போது கிரப் பட்டியலில் (எதைக் கிளப்புவது என்று தொடக்கத்தில் கேட்கும் பட்டியல்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ரெக்கவரி மோட்', அதில் 'ரெஸ்யூம்'. மேசைத்தளம் கொஞ்சம் மங்கலாக, பெரிய எழுத்துகளோடு வரும். வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் என்விடியா டிரைவரைப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

கிரப் பட்டியலே கண்ணில் படவில்லை என்றால், புதிய கணினிகளில் தொடக்கத்தில் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும், பழையவற்றில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வைஃபை வரவே இல்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

போன ஆண்டு என் அக்கா மகன் இதே கேள்வியோடு ராத்திரி பத்து மணிக்கு அழைத்தான். மூன்று தடவை மிண்டை அழித்து மறுபடி போட்டிருக்கிறான், மூன்று தடவையும் வைஃபை இல்லை. விண்டோஸில் எது கெட்டாலும் 'ஃபார்மட் அடித்துவிடலாம்' என்று பழகிய கை. லினக்ஸில் அதனால் பயன் மிகக் குறைவு. இல்லாத டிரைவர் மூன்றாவது தடவை போட்டாலும் இல்லாமல்தான் இருக்கும்.

அவன் கையிலேயே தீர்வு இருந்தது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கணினியில் செருகி, போனின் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடச் சொன்னேன். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் வேண்டாம். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தான். பிராட்காம் என்ற பெயரில் ஒரு வரி காத்திருந்தது. தேர்ந்தெடுத்து, அப்ளை கொடுத்து, மறுதொடக்கம். பத்து நிமிடத்தில் வைஃபை வந்தது. போன் இல்லாவிட்டாலும் நிறுவப் பயன்பட்ட பென் டிரைவைச் செருகினால் போதும். பிராட்காம் டிரைவர் அதிலேயே இருக்கிறது, டிரைவர் மேனேஜர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

டிரைவர் மேனேஜரில் ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, விசைப்பலகையில் விமானக் குறி போட்ட விசை தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கலாம். சில பழைய மடிக்கணினிகளில் பக்கவாட்டில் சின்னத் தள்ளு சுவிட்சே இருக்கும். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால், 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்று வந்தால் சுவிட்சுதான் வேலையைக் காட்டியிருக்கிறது. மற்றொன்று, வைஃபை சில்லு மிகப் புதியது. அப்டேட் மேனேஜரில் 'வியூ' பகுதியில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று இருக்கும். கெர்னல் என்பது வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி. அங்கே புதிய வரிசைக் கெர்னலைப் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய கெர்னல் அப்படியே இருக்கும், ஒத்துவரவில்லை என்றால் கிரப்பிலிருந்து அதற்கே திரும்பலாம்.

டிரைவர் போட்டு மறுதொடக்கம் செய்தால் நீலத் திரை வந்து ஏதோ கேட்கிறது. பயந்து அணைத்துவிட்டேன்.

விண்டோஸின் நீலத் திரையைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். இது வேறு. நம்பகமானது என்று உறுதியான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் கணினியில் இயங்கும்போது, என்விடியா, பிராட்காம் போன்ற டிரைவர்களை 'இது நான் போட்டதுதான்' என்று நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் போடும்போதோ நிறுவும்போதோ ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொன்னது. நினைவிருக்கிறதா?

அந்த நீலத் திரை பத்து விநாடி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'எஸ்' கொடுத்து, அந்தக் கடவுச்சொல்லை அடித்து, 'ரீபூட்' கொடுங்கள். அவ்வளவுதான், ஒரே முறை. பத்து விநாடியைத் தவறவிட்டால் கணினி சாதாரணமாகக் கிளம்பிவிடும், ஆனால் டிரைவர் வேலை செய்யாது. அப்போது டிரைவர் மேனேஜரில் அதை நீக்கி மறுபடி போட்டால் திரும்பக் கேட்கும்.

லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறதே?

ஐந்தரை என்று சொன்னவுடனேயே காரணம் தெரிந்துவிட்டது. மதர்போர்டில் பேட்டரியால் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. இந்திய நேரம், இலங்கை நேரம் இரண்டுக்கும் அதிலிருந்து ஐந்தரை மணி வித்தியாசம். சிங்கப்பூரில் இருப்பவருக்கு எட்டு மணி நேரம் பின்னால் போகும்.

டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரே ஒரு முறை அடியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும். இப்படி வைப்பது நல்லதல்ல என்று ஓர் எச்சரிக்கை வரும். ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அதில் சிக்கல் உண்டு, நமக்கு அந்த வழக்கம் இல்லை.

விண்டோஸ் டிரைவ் திறக்கிறது, ஆனால் அதில் எதையும் சேமிக்க முடியவில்லை.

விண்டோஸ் உண்மையில் அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதி, ஷட் டவுன் கொடுத்தாலும் உள்ளே பாதியை எழுதி வைத்துக்கொண்டு உறங்கும். அந்த நேரத்தில் டிரைவில் கை வைத்தால் கோப்புகள் கெடலாம் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. உங்களைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறது, வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகளைத் தேடாதீர்கள். விண்டோஸுக்குப் போய் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பொத்தானுக்கான பகுதி என்று போய் அந்த வசதியை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் சரி, ரீஸ்டார்ட்டில் அது முழுதாக அணைகிறது.

விண்டோஸ் அப்டேட் ஆனது. இப்போது லினக்ஸே காணோம், நேரே விண்டோஸ் வருகிறது.

லினக்ஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும், அவ்வளவே. பயாஸில் பூட் ஆர்டரைத் திறந்து 'உபுண்டு' என்று இருப்பதை மேலே ஏற்றுங்கள். மிண்ட் போட்டிருந்தாலும் அங்கே பெயர் உபுண்டு என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். அந்த வரியே இல்லையென்றால் மிண்ட் பென் டிரைவிலிருந்து கிளம்பி, மெனுவில் 'பூட் ரிப்பேர்' என்ற கருவியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட பழுதுபார்ப்பைக் கொடுங்கள்.

டெர்மினலில் கடவுச்சொல் அடித்தால் எழுத்தே விழவில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டதா?

இல்லை. உபுண்டு 24.04-இல் அடிப்பது கண்ணுக்குத் தெரியாது. மிண்டில் நட்சத்திரக் குறிகள் தெரியும். அடித்து முடித்து என்டர் தட்டுங்கள். கூடவே, டெர்மினலில் ஒட்டுவதற்குக் கன்ட்ரோலோடு ஷிஃப்டும் சேர்த்து வி. கன்ட்ரோல் சி அங்கே காப்பி செய்யாது, ஓடுகிற வேலையை நிறுத்திவிடும்.

மென்பொருள் போடப் போனால் 'குட் நாட் கெட் லாக்' என்று வருகிறது.

அந்த வரியைக் கடைசி வரை படியுங்கள். யார் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்று பெயரும் எண்ணும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், தானே விடும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் பலர் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மென்பொருள் பட்டியலில் எழுதினால்தான் உண்மையான சேதம்.

அப்டேட் நடுவில் மின்சாரம் போய்விட்டால் வேறு செய்தி வரும், 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று. அதிலேயே என்ன அடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கும்: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பார்த்து அப்படியே அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தமிழில் டைப் செய்வது எப்படி? தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தேன், ஆனால் சரியாக வரவில்லை.

இது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இதில் தோற்றுத்தான் பலர் விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள், திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

விசைப்பலகை அமைப்பில் நேரடியாகக் கிடைக்கும் பட்டியலில் 'தமிழ்நெட் '99' என்று பல வரிகள் இருக்கும். அவற்றில் சிலவற்றின் பின்னால் டிஸ்கி, டாப் என்று இருப்பவை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய குறியீடுகள். அவற்றை எடுத்தால் திரையில் விழுவது குப்பைதான். யூனிகோடு வரியை எடுத்தாலும் ஒரு குறை: அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். தமிழ்99 விசைப்பலகை முறையின் அழகே தானாக விழும் புள்ளியில்தான் இருக்கிறது, அது அங்கே கிடைக்காது.

சரியான வழி, சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' என்பதை நிறுவுவது. பிறகு மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் சின்னத்தை வலது சொடுக்கி, பிரிஃபரன்ஸஸில் தமிழ், அதற்குள் தமிழ்99. ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு முறை, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் முறை எல்லாமே அங்கே உண்டு. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும்.

சோதித்துப் பார்க்க 'அம்மா' அடியுங்கள். ஏ, கே, கே, க்யூ என்று நான்கே தட்டு. முதல் 'ம' தட்டியதும் வெறும் ம, இரண்டாவது தட்டியதும் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறிவிடும். புள்ளி ஏறவில்லை என்றால் நீங்கள் இன்னும் பழைய பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

லிப்ரே ஆஃபீஸில் இன்னொரு சின்ன வேலை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பெட்டியைத் தட்டி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆஃபீஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்குத் தனியாக ஒன்றும் வைத்துக்கொள்கிறது, அளவும் தனித்தனி. ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் பொடியாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த கோப்பு இங்கே வேறு எழுத்துருவில் திறப்பதும் இயல்பு, லதா விண்டோஸோடு வருவது. நோட்டோ, லோகித் தமிழ் எழுத்துருக்கள் இலவசம், நன்றாகவும் இருக்கும்.

பழைய தமிழ்க் கோப்பு திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கெட்டுவிட்டதா?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு மட்டும்தான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. படிக்க மட்டும் போதுமென்றால் அந்த எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவிக்கொள்ளுங்கள். ஆனால் என் கருத்து, அப்பா எழுதிய கடிதமோ சங்கத்தின் கணக்கோ, வைத்துக் காக்க வேண்டியது எதுவானாலும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகத்தில் இதற்கான வசதி இருக்கிறது.

சத்தம் வரவில்லை.

சவுண்ட் அமைப்பில் 'அவுட்புட்' பார்த்தீர்களா? ஒருமுறை டிவியோடு இணைத்திருந்தால் எச்டிஎம்ஐ-யே தேர்வில் நின்றிருக்கும். 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருந்தால் ஒலி அட்டைக்கு டிரைவர் கிடைக்கவில்லை, புதிய கெர்னலைப் பாருங்கள்.

கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன். உள்ளே போய் உடனே மறுபடி அதே நுழைவுத் திரைக்கே வந்துவிடுகிறது.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதற்கு நல்ல வாய்ப்பு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். உள்ளே போய் 'டிஎஃப் -எச்' அடித்தால், மூலப் பிரிவுக்கு ('/' என்று குறித்திருக்கும் வரி) நேராக 100 சதவீதம் என்று நிற்கும். 'சூடோ ஆப்ட் கிளீன்' கொஞ்சம் இடம் தரும், அதை வைத்து உள்ளே போய்விடலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 திரும்ப மேசைத்தளத்துக்குக் கொண்டுவரும்.

நான் பார்த்தவரை நிரப்பியது பெரும்பாலும் டைம்ஷிஃப்ட்தான். கணினியின் நிலையைப் படம்பிடித்து வைக்கும் அருமையான கருவி அது. ஒரு அப்டேட் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் நாள், வாரம், மாதம், ஒவ்வொரு தொடக்கம் என்று எல்லாப் பெட்டிகளையும் தட்டிவிட்டால் சிறிய டிஸ்க் தாங்காது. நாள் கணக்கில் இரண்டு போதும். முடிந்தால் வேறு டிஸ்கில் வையுங்கள்.

உங்கள் படங்களையும் ஆவணங்களையும் டைம்ஷிஃப்ட் எடுத்து வைப்பதில்லை. ஹோம் கோப்புறையை அது தானாகவே ஒதுக்கிவிடும். அவற்றுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்கில் பிரதி வேண்டும்.

விண்டோஸ் .இஎக்ஸ்இ கோப்புகள் ஓடுமா?

சில, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற கருவி மூலம் ஓடும். முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் அதே வேலைக்கு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தொழிலே விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு கணக்கு மென்பொருளை நம்பி இருந்தால், விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே இல்லாத சிக்கல் வந்தால் யாரிடம், எப்படிக் கேட்பது?

'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் எனக்கும் தெரியாது, எவருக்கும் தெரியாது. மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' (22.3-இல் இதன் பெயரே 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்') திறந்து, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதியில் காப்பி கொடுங்கள். கணினியின் சில்லு, கெர்னல், வைஃபை, கிராஃபிக்ஸ் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒட்டி, கடைசியாக என்ன மாற்றினீர்கள், திரையில் வந்த வரி என்ன என்று அப்படியே எழுதுங்கள். போனில் கேட்பதாக இருந்தால் அந்த வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள். 'ஏதோ எரர் வந்தது, மூடிவிட்டேன்' என்றால், அதே எரரை மறுபடி வரவைத்துவிட்டு அழையுங்கள். நான் காத்திருக்கிறேன்.